அப்பிள்தோட்ட மாதாவும் முற்பணமில்லாக் கடனும்

“கார்ஜிலை இறங்கவேண்டிய ஆள், இறங்காமல் அங்காலை வடக்கை போனியாம். போன ஞாயிறும் போனியாம். அதுக்கு முதல் ஞாயிறும் போனியாம். என்ன மச்சான் விசயம்?”

இப்படிக் கேட்ட லூர்துசாமியின் கையில் ஒரு கட்டு முருங்கைக்காய் இருந்தது. கேட்கப்பட்ட மடுத்தீனின் கையில் விலைச்சீட்டு ஒட்டும் கருவி இருந்தது. கருவி நடுங்கியது. ஒரே பாகற்காயில் மூன்று விலைகள் ஏறின.

“ஆர் சொன்னது?”

“ஆரோ சொன்னது. சொன்னது பொய்யே?”

“பொய்யெண்டு நான் சொன்னனானே?”

“அப்ப உண்மை. ஏன் போனனீ?”

பாரிஸில் ரூ பிலிப்-து-ஜிரார் வீதியில், குணரத்தினத்தின் பலசரக்குக் கடையில், பதினேழு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர் மடுத்தீன். லூர்துசாமி அவருடைய மனைவியின் அண்ணன். லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நடந்த செய்தியை அறிய வானொலி வேண்டியதில்லை, லூர்துசாமி போதும். நடக்காத செய்தியை அறியவும் அவரே போதும்.

ஏன் நடுங்கினார் மடுத்தீன்? களவு செய்தாரா? இல்லை. கள்ளக் காதலா? அதற்கு அவருக்கு நேரமும் இல்லை, நெஞ்சுரமும் இல்லை. நாற்பத்தொன்பது வயது மனிதர், தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வீடு வாங்கப் போகிறார். அவ்வளவுதான் குற்றம்!

பாரிஸ் புறநகரான கார்ஜ் லே கொனெஸில், ஓர் அடுக்குமாடியில் இரண்டே அறைகளில் அவர், மனைவி மரியகொறற்றி, மகள் கஜானி, மகன் தனூஜன் என நால்வர் வாழ்ந்தனர். இறுதிப் பரீட்சைக்குப் படிக்கும் கஜானி குளியல் தொட்டிக்குள் தலையணை போட்டு அமர்ந்துதான் படித்தாள். வீட்டில் எவருக்கேனும் குளிக்கவேண்டுமென்றால், அவளும் உலக வரலாறும் ஒன்றாக எழுந்து வெளியேற வேண்டும்.

இத்தனை ஆண்டு உழைப்பும் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். மடுத்தீனுக்கு இரண்டு தங்கைகள். இரண்டு சீதனங்கள். கலியாணச் சந்தையில் இரண்டு மாப்பிள்ளைகளை முழுவிலை கொடுத்து வாங்கியவருக்கு, தமக்கென்று ஒரு சுவர் வாங்க முற்பணம் இல்லை!

இந்த நிலையில்தான், முற்பணமே கேட்காத கடன் ஒன்று தங்கள் வங்கியில் இருப்பதாக டேமியன் என்ற இளம் அலுவலர் சொன்னார்.

“ஆனால் வீடு கிராமத்தில் இருக்கவேண்டும், மிஸ்யு. கிராமம் என்றால் இரண்டாயிரம் பேருக்குக் குறைவு. இந்தக் குளிர்காலத்தில் எடுக்கப்போகும் குடிசனக் கணக்கைத்தான் நாங்கள் பார்ப்போம்.”

“இரண்டாயிரம் பேர் இருந்தால்?”

“அது நகரம். கடன் இல்லை.”

“ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது?”

“அது கிராமம். வாழ்த்துகள்.” டேமியன் கோப்பைப் புரட்டினார். “இன்னொன்று. மே மாதம் உங்களுக்கு ஐம்பது வயது. அதற்குப் பிறகு இருபது வருடக் கடன் தரமாட்டோம்.”

ஆக, இந்த ஆண்டு, இந்த ஒரே வாய்ப்பு. தேடித் தேடி மடுத்தீன் கண்டுபிடித்த ஊர்தான் பொம்றே. றெயினில் ஏறி, இறங்கி, மேலும் இருபது நிமிடம் பேருந்தில் போகவேண்டும். பாரிஸின் மூச்சுக்காற்றுப் படும் தூரம் என்பதால் விலை வானத்தில் நின்றது. ஆனால் மாடுகள் வீதியில் நின்றன. மெறி என்னும் ஊர்மன்றத்தின் வாசலில் தொங்கிய பலகை, ‘மக்கள்தொகை 1,984’ என்றது. மடுத்தீன் அந்த எண்ணின்முன் தொப்பியைக் கழற்றினார்.

தேவாலயத்துக்கு அடுத்த வீடு. மூன்று அறைகள், பின்னால் நான்கு அப்பிள் மரங்கள். சொந்தக்காரி மதாம் ஓதெத் ஓய்வுபெற்ற தபால்காரி. நாற்பது ஆண்டுகள் அவ்வூரின் ஒவ்வொரு வாசல்மணியையும் அடித்துக் கடிதம் கொடுத்தவர். அவருடைய சொந்த வாசல்மணியோ துருப்பிடித்து வாய்மூடிக் கிடந்தது. மடுத்தீன் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.

“வங்கி சம்மதித்ததும் வாருங்கள். அன்றைக்கே கையெழுத்து வைப்போம். அதுவரை வேறு யாருக்கும் காட்டமாட்டேன்” என்றார் மதாம்.

இனி அவர் செய்யவேண்டியது ஒன்றே: வாயை மூடிக்கொண்டிருப்பது. ஏனெனில் நம்மவரின் பெருமையை அவர் அறிவார். திரான்சியில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒரு வீதியில் ஒரு வீடு வாங்கினான். இரண்டே ஆண்டுகளில் அந்த வீதியில் ஏழு வீடுகள், ஒரு நகைக்கடை, ஒரு நடனப்பள்ளி. ஒருவன் ஒரு சுவரைத் தொட்டால் ஊரே வந்து அதில் சாயும்! பொம்றேயில் பதினைந்து பேருக்குத்தான் இடம் இருந்தது. லூர்துசாமியின் குடும்பமும் அவர் மனைவியின் சகோதரங்களும் சேர்ந்தாலே பதினைந்தைத் தாண்டும்.

“என்னடாப்பா, வாயிலை கொழுக்கட்டையே?” என்று முருங்கைக்காய் அதட்டியது.

ஒரு பொய் பிறக்கத் தாயும் வேண்டாம், தந்தையும் வேண்டாம். பயம் ஒன்றே போதும்.

“அங்கை... ஒரு மாதா இருக்கிறா” என்றார் மடுத்தீன்.

“எந்த மாதா?”

தேவாலயத்தின் மூலையில், மூக்கு நுனி உடைந்து, தூசி படிந்து நின்ற மரியாள் சிலை அவர் நினைவுக்கு வந்தது. நான்கு மரங்களும் நினைவுக்கு வந்தன.

“அப்பிள்தோட்ட மாதா.”

“கேட்டதைக் குடுப்பாவே?”

“ஓம்... ஓம். ஆனால் ஒருத்தருக்கும் சொல்லாதை மச்சான்.”

சொல்லாதே என்று லூர்துசாமியிடம் சொல்வது, ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கொடுப்பதற்குச் சமம்.

இரண்டாம் ஞாயிறு நான்கு கார்கள் வந்தன. நான்காம் ஞாயிறு ஒரு பேருந்து வந்தது. மார்கழி பிறந்தபோது மூன்று பேருந்துகள்! லூர்துசாமி துண்டுப்பிரசுரம் அச்சிட்டுவிட்டார். ஒருவருக்கு முழங்கால்வலி போயிற்றாம். ஒருத்திக்கு வதிவிட அட்டை வந்ததாம். மருத்துவர் எழுதிய மருந்துக்கும் வழக்கறிஞர் எழுதிய மனுவுக்கும் அந்தப் பிரசுரத்தில் இடமில்லை. சைவர்களும் வந்தார்கள், வரம் என்று வந்துவிட்டால் நம்மவர் வேற்றுமை பாராட்டுவதில்லை. பிள்ளைவரம் வேண்டியவர்கள் மதாமின் அப்பிள் மரக்கிளைகளில் சின்னச் சின்னத் துணித்தொட்டில்கள் கட்டினார்கள்.

மடுத்தீன் கலங்கியது தொட்டில்களைக் கண்டு அல்ல. அவ்வூர்ப் பாண்கடைக்காரரின் மனைவி நிறைமாதமாக நின்றாள். ஒரு கர்ப்பிணியின் வயிற்றை அச்சத்தோடு அவர் பார்த்தது வாழ்வில் அதுவே முதல் தடவை. ஒரு நாள் தேவாலயத்தில் சாவுமணி அடித்தபோது அவர் மனம் ‘ஒன்று குறைந்தது’ என்றது. உடனே வெட்கி, அந்தப் பாவத்துக்காக மூன்று செபமாலை சொன்னார்.

“பொய் மாதாவுக்கு முன்னாலை நிண்டே செபமாலை சொல்லுறியள்?” என்று மரியகொறற்றி கேட்டாள். வீட்டு இரகசியம் அறிந்தவள் அவள் ஒருத்திதான்.

“நீ மட்டும் மெழுகுதிரி கொளுத்தினனியே?”

“பொய்யெண்டு எனக்குத் தெரியும். இருந்தாலும், கொளுத்தினால் என்ன குறைஞ்சுபோகும்?”

உண்மையான தொல்லை வேறிடத்தில் முளைத்தது. அந்தத் தேவாலயத்தில் கழிப்பறை இல்லை. மூன்று பேருந்து மக்களும் பக்கத்து வீட்டுக்குத்தான் போனார்கள். ஞாயிறு முழுவதும் மதாம் ஓதெத்தின் கதவு தட்டப்பட்டது. கழிப்பறைக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர், பிள்ளையின் பால்போத்தலைச் சூடாக்க ஒருவர். நன்றிக்கடனாக றோல்ஸ், பயற்றம் பணியாரம், ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறி.

மடுத்தீன் ஓடிப்போய்க் கைகூப்பினார். “மன்னியுங்கள், மதாம். அடுத்த ஞாயிறு இவ்வளவு பேர் வரமாட்டார்கள்.”

“வரமாட்டார்களா?” மதாமின் நெற்றி சுருங்கியது.

கோபம்! மடுத்தீன் மறுபடியும் கைகூப்பினார். “நிச்சயமாக வரமாட்டார்கள், மதாம்! நான் நிறுத்துகிறேன்!”

மதாம் கதவைச் சாத்தினார். வீடு கைநழுவுகிறது என்று மடுத்தீன் உறுதியாக நம்பினார். கூட்டத்தை நிறுத்தியாக வேண்டும். எப்படி? வரத்தின் விலையை ஏற்றினால் வாங்குவோர் குறைவர் என்று கடைக்காரர் மூளை கணக்குப் போட்டது.

“மச்சான், ஒண்டு சொல்ல மறந்துபோனன்” என்றார் லூர்துசாமியிடம். “ஞாயிறு வந்துபோறவைக்கு அந்த மாதா ஒண்டும் செய்யமாட்டா. நாப்பது நாள் அந்த ஊரிலையே தங்கி, ஒருநேரச் சாப்பாட்டோடை நேர்த்தி வைக்கவேணும்.”

“நாப்பது நாளே!”

“நாப்பது நாள். ஒண்டு குறைஞ்சாலும் பலன் இல்லை.”

பாரிஸில் நாற்பது நாள் விடுமுறை எவருக்கு உண்டு? மடுத்தீன் அன்றிரவு நிம்மதியாக உறங்கினார். அந்த ஆண்டில் அவர் உறங்கிய கடைசி உறக்கம் அதுதான்.

தைப்பொங்கல் கழிந்த மறுநாள், முதலாளி குணரத்தினம் கடைச் சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தார்.

“தம்பி, கடையைப் பார். நானும் மனிசியும் நாப்பது நாளைக்கு நேர்த்திக்குப் போறம்.”

“எங்கை அண்ணை?”

“உன்ரை மாதாட்டைத்தான். கிருஷாந்துக்கு முப்பத்தாறு வயசாகுது. ஒரு சாதகமும் பொருந்துதில்லை. அங்கை பண்ணைவீட்டிலை அறையள் வாடகைக்கு எடுத்திருக்கு. மொத்தம் ஒன்பது பேர். எல்லாரும் பென்சன்காரர். எங்களுக்கென்ன அவசரம்?”

கிருஷாந்துக்குச் சாதகம் பொருந்தாததற்குக் காரணம் செவ்வாயும் அல்ல, சனியும் அல்ல. அவன் கேட்ட சீதனம். அதைச் சொல்லும் தைரியம் மடுத்தீனுக்கு வரவில்லை. ஒருகாலத்தில் அந்தச் சந்தையில் பொருள் வாங்கியவர்தானே!

ஞாயிற்றுக் கூட்டமாவது குறைந்ததா? நேர்த்தி வைக்க முடியாதவர்கள், நேர்த்தி வைத்தவர்களையாவது பார்த்துவிட்டு வரலாமென்று ஐந்தாவது பேருந்தும் பிடித்தார்கள். கடையில் கட்டுண்ட மடுத்தீனால் இப்போது அங்கே போய்க் காவல் நிற்கவும் முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி அழைத்தது. குணரத்தினத்தின் மனைவி வள்ளிநாயகி.

“மடுத்தீன், இஞ்சை ஒரு பிள்ளை பையைக் கொழுவிக்கொண்டு வந்தவள். ஆரார் இஞ்சை இருக்கிறியள் எண்டு கேட்டவள்.”

மடுத்தீன் தொலைபேசியைக் காதோடு அழுத்தினார். “என்ன சொன்னனீங்கள் அக்கா?”

“என்னத்தைச் சொல்லுறது? நாங்கள் ஒன்பது பேரும் இஞ்சைதான் இருக்கிறம் எண்டு எழுதிக் குடுத்திட்டம். பாஸ்போட்டும் காட்டினாங்கள். அவள் வேண்டாம் வேண்டாம் எண்டவள், நாங்கள் விடேல்லை. லைட் பில்லும் இருந்திருந்தால் அதையும் குடுத்திருப்பம்.”

அவர்களைக் குறைசொல்ல முடியுமா? முப்பது ஆண்டுகளாக, கையில் கோப்போடு வந்த ஒவ்வோர் அதிகாரியிடமும் ‘இங்கேதான் வசிக்கிறேன், இங்கேதான் வசிக்கிறேன்’ என்று நிரூபித்து நிரூபித்தே இந்த மண்ணில் நிற்க இடம் பெற்ற மக்கள்! வசிக்காத இடத்திலும் அந்த நாக்கு அதையே சொல்லிற்று.

மடுத்தீன் பொம்றே மெறிக்குத் தொலைபேசி எடுத்தார். செயலாளர் பெண் உற்சாகத்தில் இருந்தாள்.

“நேற்றுவரை ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, மிஸ்யு. பண்ணைவீட்டு ஒன்பது பேருடன் சரியாக இரண்டாயிரம்! எங்கள் ஊர் சரித்திரத்தில் முதல் தடவை. மேயர் ஷாம்பெய்னுக்குச் சொல்லிவிட்டார்.”

இரண்டாயிரம்! அது நகரம். கடன் இல்லை. ஒரே ஓர் ஆள் அதிகம்!

மடுத்தீன் கடையை இழுத்துப் பூட்டினார். பண்ணைவீட்டில் ஒன்பது பேரும் பகற்சோறு முடித்துக் கதிரைகளில் வட்டமாக இருந்தார்கள். லூர்துசாமியும் பார்வையாளராக வந்திருந்தார்.

“அண்ணை, அக்கா, எல்லாரும் என்னை மன்னியுங்கோ. அப்பிள்தோட்ட மாதா எண்டு ஒண்டு இல்லை.”

வட்டத்திலிருந்த கதிரைகளெல்லாம் அவர் பக்கம் திரும்பின.

“நான் சொன்னது பொய். வாயிலை வந்ததைச் சொன்னனான். நாப்பது நாளும் பொய். தயவுசெய்து வீட்டை போங்கோ.”

குணரத்தினம் வள்ளிநாயகியைப் பார்த்தார். வள்ளிநாயகி லூர்துசாமியைப் பார்த்தாள். லூர்துசாமி எழுந்து, மடுத்தீனின் தோளில் மெல்லக் கைவைத்தார்.

“பாவம். உவனைப் பேய் சோதிக்குது.”

“பேயுமில்லை கீயுமில்லை! நான்தானே அந்தக் கதையைக் கட்டினது!”

“பாத்தியளே? வெளிப்படுத்தினவனையே மறுதலிக்கப் பண்ணுது. அப்ப இந்த மாதா எவ்வளவு சக்தியான ஆள் எண்டு யோசியுங்கோ!”

“என்ரை முழங்கால் சுகமானது பொய்யே தம்பி?” என்று ஒருவர் எழுந்து நின்று காட்டினார்.

“விசர்க் கதை கதையாதை மடுத்தீன்” என்றாள் வள்ளிநாயகி. “நேற்றுத்தான் கிருஷாந்துக்கு ஒரு சாதகம் வந்திருக்கு.”

பொய்யை அவிழ்த்துவிட்டவனே திரும்பக் கூப்பிட்டாலும், வளர்ந்த பொய் திரும்பி வருமா? அன்று மாலை மடுத்தீனின் ஆன்ம மீட்சிக்காக எல்லாரும் கூடிச் செபித்தார்கள். அது போதாதென்று, மச்சானுக்காகத் தாமும் நாற்பது நாள் தங்குவதாக லூர்துசாமி பெட்டியோடு வந்து இறங்கினார். வந்த வேகத்தில் மெறிக்குப் போய், ‘நானும் இங்கேதான் வசிக்கிறேன்’ என்று தாமாகவே எழுதிக் கொடுத்தார்.

இரண்டாயிரத்து ஒன்று.

கணக்கெடுப்பு முடிய இரண்டு நாட்கள் இருந்தன. மரியகொறற்றி சோற்றுக் கோப்பையை அவர்முன் வைத்தாள். குளியலறையிலிருந்து கஜானி சத்தமாகப் பாடம் சொல்வது கேட்டது.

“எல்லாருக்கும் பொய் சொல்லிப் பாத்தியள்” என்றாள் மரியகொறற்றி. “எங்கடை ஆக்களுக்கு உண்மையும் சொல்லிப் பாத்தியள். அந்த மெறிக்காரிக்கு ஒருக்கா உண்மையைச் சொல்லிப் பாத்தால் என்னப்பா?”

மறுநாள் காலை மடுத்தீன் மெறியில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார்: மாதாவை, நாற்பது நாளை, திரான்சியிலும் கார்ஜிலும் அவர்களுக்கு இருக்கும் வீடுகளை. சிறைக்கு ஆயத்தமாக ஒரு கம்பளிச் சட்டையும் பையில் கொண்டுவந்திருந்தார்.

செயலாளர் பெண் பேனாவை எடுத்தாள். “அப்படியானால் அவர்கள் விருந்தினர், மிஸ்யு. விருந்தினரை நாங்கள் எண்ணுவதில்லை.” பத்துப் பெயர்களின்மேல் பத்துக் கோடுகள். “ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்று. ஷாம்பெய்னைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.”

நான்கு மாதப் பொய் கட்டிய முடிச்சை, இரண்டு நிமிட உண்மை அவிழ்த்துவிட்டது! மடுத்தீன் வெளியே வந்து, வீதியில் நின்ற ஒரு மாட்டைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார்.

பங்குனி நடுவில் டேமியன் அழைத்தார். “கிராமம்தான், மிஸ்யு. கடன் சரி.”

மரியகொறற்றி திரைச்சீலைத் துணி அளந்தாள். கஜானி தன் தலையணையைத் தொட்டியிலிருந்து தானே எடுத்துப் பெட்டியில் வைத்தாள். தனக்கென்று ஒரு மேசை வரப்போகிறது என்று பிரெஞ்சில் நண்பிகளுக்கெல்லாம் சொன்னாள். மடுத்தீன் கோட்டுப் போட்டு, வங்கிக் கடிதத்தை நெஞ்சுப் பையில் வைத்து, ஒரு பெட்டி லட்டோடு பொம்றேக்குப் போனார். நேர்த்தி முடித்தவர்கள் போய்விட்டார்கள், அன்று கிழமைநாள், ஊர் அமைதியாக இருந்தது. இனி மதாமுக்குத் தொல்லை இல்லை என்று சொல்லவேண்டும்.

கதவைத் தட்டக் கையை உயர்த்தினார். துருப்பிடித்த பழைய மணி இல்லை. பளபளக்கும் புதிய பித்தளை மணி தொங்கியது. அடித்தார், ஊர் முழுவதும் கேட்டது.

உள்ளேயிருந்து ஓடிவரும் காலடிச் சத்தம். கதவு அகலத் திறந்தது.

“கழிப்பறையா? இடப்பக்கம்! தண்ணீர் மேசையில்!” என்ற மதாம் ஓதெத், ஆளைக் கண்டதும் சிரித்தார். இடுப்பில் ஏப்ரன், கையில் மா. அவருக்குப் பின்னால் மேசையில் அறுபது புதுக் கோப்பைகள் அடுக்கியிருந்தன. அடுப்பில் றோல்ஸ் பொரியும் வாசனை வந்தது. வள்ளிநாயகி சொல்லிக்கொடுத்த பக்குவம்.

“மதாம், வங்கி சம்மதித்துவிட்டது!” மடுத்தீன் கடிதத்தை நீட்டினார். “இனி ஞாயிறுகளில் யாரும் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டார்கள். எங்கே கையெழுத்து வைக்கவேண்டும்?”

மதாம் மாப் படிந்த கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை முழுவதும் வாசித்தார். பிறகு அதைப் பக்குவமாக மடித்து, அவருடைய நெஞ்சுப் பையிலேயே திரும்ப வைத்தார்.

“மன்னியுங்கள், மிஸ்யு மடுத்தீன். என் வீட்டு மணியை அடிக்க ஒரு மனிதரும் இல்லையே என்றுதானே இதை விற்க நினைத்தேன்!”